தையல் இல்லாத சின்னப் பை: காட்போட் மட்டையில் வட்ட நெசவு

கொழும்பு புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் அரிசிச் சாக்குகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடியில் தையல் இருக்கும், பக்கங்களில் பெரும்பாலும் இருக்காது. வட்டத் தறியில் நாடாக்கள், அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கருவிகள், சுற்றிச் சுற்றி ஓட, துணி குழாயாகவே வெளிவருகிறது. அதை அளவாக வெட்டி அடியைத் தைத்தால் சாக்கு. அதே வேலையைச் சப்பாத்துப் பெட்டி மட்டையில் செய்யலாம். நம் பைக்கு அடித்தையலும் தேவையில்லை.

வேண்டியவை: கெட்டியான மட்டை, பாவுக்கு (நெடுக்கு இழைகளுக்கு) 4 மீட்டர் முறுக்கான பருத்தி நூல், ஊடைக்கு (குறுக்கே ஓடும் இழைக்கு) கம்பளி நூல், பெரிய காதுள்ள மொட்டை ஊசி, முள்ளுக்கரண்டி, செலோடேப். நூல் புறக்கோட்டையிலும் கிடைக்கும், வெள்ளவத்தைத் தையல் சாமான் கடைகளிலும் கிடைக்கும். கண்ணைப் பறிக்கும் மெல்லிய பளபளா நூலை முதல் பைக்கு வாங்காதீர்கள், வழுக்கும்.

1. மட்டையை 7 சென்ரிமீற்றர் அகலம், 11 உயரத்துக்கு வெட்டுங்கள். மேல் விளிம்பில் மட்டும் அரை சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 13 வெட்டுகள். ஆழமும் அரை சென்ரிமீற்றர் போதும்.

2. இனிப் பாவு. நூல் நுனியைப் பின்பக்கம் மேல் மூலையில் ஒட்டி, முதல் வெட்டு வழியாக முன்னுக்குக் கொண்டு வாருங்கள். முன்பக்கம் இறங்கி, அடியைச் சுற்றி, பின்பக்கம் ஏறி, அதே வெட்டுக்கு வரவேண்டும். அங்கே முன்னால் வந்து, பக்கத்துப் பல்லை (இரண்டு வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் மட்டையை) சுற்றி, இரண்டாம் வெட்டு வழியாகத் திரும்பப் பின்னுக்கு. பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் ஏறி, இந்த முறை பல்லின் பின்னால் சுற்றி மூன்றாவது வெட்டுக்கு. இப்படியே மாறி மாறிப் போகும். முன்னிழை முன்னிழையோடும் பின்னிழை பின்னிழையோடும் மட்டும் மேலே சேர்வதால்தான் பையின் வாய் திறந்திருக்கிறது. நூலை இழுத்து மட்டையை வளைத்துவிடாதீர்கள்.

3. 13ஆம் வெட்டில் நூல் முன்பக்கம் இறங்கியதும், பின்னுக்கு ஏற்றாமல் அடியிலேயே பக்கத்து இழையோடு முடிச்சுப் போடுங்கள். முன்னால் 13, பின்னால் 12, மொத்தம் 25. எல்லாம் இந்த ஒற்றைப்படையில்தான் இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வரும்போது, போன தடவை மேலே போன இழைக்கு இப்போது ஊடை கீழே போகும். ஒரே ஊசியால் நெய்யும்போது இரட்டைப்படை என்றால் ஒவ்வொரு சுற்றும் ஒரே தடத்தில் விழும், துணி பின்னாது. எண்ணிக்கை பிசகிவிட்டதா? பக்கத்திலுள்ள இரண்டு இழைகளை ஒன்றாக நினைத்து நெய்தால் சரி.

4. அடியிலிருந்து மேல், கீழ், மேல், கீழ் என்று நெய்து, விளிம்பில் திரும்பாமல் அப்படியே பின்பக்கம் போங்கள். முதல் சில சுற்றுகளை முள்ளுக்கரண்டியால் நன்றாக அடித்து இறக்குங்கள். அங்கே தளர்ந்தால் பைக்குள் சில்லறை நிற்காது. நூல் தீர்ந்தால் புதியதை நாலைந்து இழை தூரம் பழையதோடு சேர்த்து ஓட்டி, நுனிகளை வெளியே விடுங்கள்.

5. பல்லுக்குக் கிட்ட வரும்போது ஊசி நுழைய அடம்பிடிக்கும். அப்படியும் விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு பற்களை வளைத்துக் கண்ணிகளைக் கழற்றி, மட்டையை உருவி, பையை உள்வெளியாகத் திருப்பினால் நுனிகள் உள்ளே மறைந்துவிடும்.

பெரிய தறியில் வட்டமே இல்லாமலும் குழாய் நெய்யலாம். பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் நான்கு விழுதுச் சட்டங்களில் பாவை மேலடுக்கு, கீழடுக்கு என்று பிரித்து, ஊடையை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஓட்டினால் இரு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். ஓர் ஓரத்தை மட்டும் ஒட்டினால், விரிக்கும்போது தறியைவிட இரண்டு மடங்கு அகலத் துணி. 1733இல் இங்கிலாந்துக்காரர் ஜோன் கே, கயிற்றை இழுத்தால் தானே ஓடும் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெறும்வரை, அகலத் துணிக்கு நாடாவை எறியவும் பிடிக்கவும் இரண்டு பேர் உட்கார வேண்டியிருந்தது. இன்று காரின் காற்றுப்பைகள் சிலவற்றையும் பாவு இழைகளைத் தனித்தனியாகத் தூக்கக்கூடிய, கணினி இயக்கும் ஜக்கார்ட் தறியில் ஈரடுக்காக, ஒரே துண்டாக நெய்கிறார்கள்.

அடுத்த பைக்குக் கடைசி இழையைப் பின்னுக்கும் ஏற்றி 26 ஆக்குங்கள். அப்புறம் இரண்டு நிறம், இரண்டு ஊசி. ஒன்று மேலே போகும் இழைக்கு மற்றது கீழே போகட்டும், ஒன்றையொன்று துரத்தட்டும். வட்டத் தறியில் பல நாடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதும் இந்த மாதிரித்தான். அடர்த்தியாக அடித்தால் பையில் நெடுக்குக் கோடுகள் விழும்.