கெளுத்தி மீன் பிடிக்கத் தூண்டில் நரம்பும் லீடரும்: புதியவர்களுக்கான செய்முறை

கெளுத்தியின் தாடையை உட்புறமாகத் தடவிப் பார்த்தால் அரம் போலச் சொரசொரக்கும். பொடிப்பொடியான பற்கள் பட்டையாக, நெருக்கமாக அமைந்திருக்கும். அவை தூண்டில் நரம்பை ஒரே கடியில் அறுப்பதில்லை. மீன் தலையை உதறி இழுக்க இழுக்கத் தேய்த்தே அறுத்துவிடும். போதாக்குறைக்கு, அது பதுங்கும் இடங்கள் பாறை இடுக்கும் மூழ்கிய மரத்தின் வேரும். ஆகவே கெளுத்திக்கு நரம்பு வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது உராய்வைத் தாங்குமா என்பதைத்தான். நரம்பு மீனின் கண்ணில் படுமா என்ற கவலை இங்கே பெரிதாகத் தேவையில்லை. கலங்கிய நீரிலும் இருட்டிலும் கெளுத்தி மீசையாலும் மோப்பத்தாலும் சுவையாலும்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது.

படி 1: ரீலில் சுற்றும் முதன்மை நரம்பு

முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒற்றை இழை நைலான் நரம்பு. விலை குறைவு, முடிச்சு எளிதில் பிடிக்கும், உராய்வை நன்றாகத் தாங்கும். இழுத்தால் நீண்டு கொடுப்பதால் மீன் திடீரென்று பாயும்போது அந்த அதிர்ச்சியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் நலிந்துவிடும் என்பது இதன் குறை. அடிக்கடி மீன்பிடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது.

பின்னல் நரம்பான பிரெய்டு, அதே வலுவுள்ள நைலானைவிட மிகவும் மெல்லியது. அதனால் ரீலில் அதிக நீளம் சுற்றலாம், ஓட்டமுள்ள நீரிலும் அவ்வளவாக இழுபடாது. ஆனால் அது நீண்டு கொடுக்காது. இறுக்கமாக இருக்கும்போது பாறையில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். பிரெய்டு போடுபவர்கள் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு, படி 3) இல்லாமல் தூண்டில் வீசவே கூடாது. ரீலில் அடியில் சில சுற்று நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மொத்தச் சுருளும் வழுக்கிக்கொண்டு சுழலும்.

படி 2: எவ்வளவு வலு?

ஓரிரு கிலோ மீன்களுக்கு 12 முதல் 15 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் போதும். ஐந்து கிலோவைத் தாண்டும் மீன்கள் இருக்கும் நீரில் 20 முதல் 30 பவுண்டு. பிரெய்டு என்றால் 40 முதல் 65 பவுண்டு வரை போகலாம். மெல்லியதாக இருப்பதால் ரீலில் இடத்தை அடைக்காது.

படி 3: லீடர்

முதன்மை நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே வரும் தடித்த துண்டுதான் லீடர். பற்களோடு உரசப்போவது இதுதான் என்பதால் தாராளமாகத் தடிமனைக் கூட்டுங்கள். 20 பவுண்டு நைலானுக்கு 30 அல்லது 40 பவுண்டு நைலான் லீடர் பொருத்தமாக இருக்கும். பிரெய்டுக்குக் கணக்கு வேறு: 65 பவுண்டு பிரெய்டில் 50 பவுண்டு லீடர் கட்டினால், அடியில் சிக்கி இழுக்கும்போது பெரும்பாலும் லீடர் பக்கம்தான் அறும், பிரெய்டு தப்பிக்கும். ஃப்ளோரோகார்பன் என்ற வகை நரம்பு நீருக்குள் அவ்வளவாகத் தெரியாது என்பார்கள். கெளுத்திக்கு அந்தச் சிறப்புக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கம்பி லீடரும் வேண்டாம்.

நீளம், தேங்கிய நீரில் 30 முதல் 45 செ.மீ. ஓட்டம் வேகமாக இருந்தால் 15 முதல் 20 செ.மீ. வரை குறைத்துவிடுங்கள். நீளமான லீடர் ஓட்டத்தில் இரையோடு சுழன்று முறுக்கிக்கொள்ளும்.

படி 4: கட்டும் முறை

முதன்மை நரம்பில் துளையுள்ள ஈயக்குண்டைக் கோத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு பிளாஸ்டிக் மணி. பிறகு, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழன்று கொடுக்கும் சுவிவல் வளையத்தைக் கட்டுங்கள். அதன் மறுபக்க வளையத்தில் லீடர், லீடர் முனையில் தூண்டில் முள். குண்டு நரம்பில் தாராளமாக ஓடுவதால், இரையை இழுக்கும் மீனுக்கு எடை உடனே தெரியாது. மணி, குண்டு வந்து முடிச்சில் மோதாமல் காக்கிறது.

முடிச்சுக்குப் பாலோமர் ஒன்று தெரிந்தாலே போதும். நரம்பை இரட்டையாக மடித்து, முள்ளின் கண் வழியே நுழையுங்கள். மடிப்போடு சேர்த்துத் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். மிஞ்சியிருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்தெடுங்கள். இனி இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ நீராலோ கட்டாயம் நனைக்கவேண்டும். உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே வலுவிழக்கும். முடிச்சுக்குச் சற்று மேலே நரம்பு சுருண்டோ வெளிறியோ தெரிந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

படி 5: வீசுவதற்கு முன்பும் பின்பும்

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, நரம்பு வலுவில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 20 பவுண்டு நரம்பென்றால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுவையில் ரீல் நரம்பை விடவேண்டும். ஒரு சிறு கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடியில் சிக்கிய பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், சதையை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை இரு விரல் நகங்களுக்கு நடுவே முழு நீளமும் உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் சொரசொரப்புத் தட்டினாலும் லீடரை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வீச்சு.