எஸ்இடி டிரைவ வேற சர்வர்ல போடறதுக்கு முன்னாடி ஒழுங்கா அழிக்கறது எப்படி

எஸ்இடின்னா தானாவே என்கிரிப்ட் பண்ணிக்கற டிரைவ், நீங்க பாஸ்வேர்ட் வச்சாலும் வைக்கலைன்னாலும் எழுதுறது எல்லாத்தையும் உள்ளயே இருக்கற ஒரு கீய வச்சு என்கிரிப்ட் பண்ணித்தான் சேமிக்கும். அந்தக் கீய மாத்திட்டா பழைய டேட்டாவ யாராலயும் படிக்க முடியாது, இதத்தான் கிரிப்டோ எரேஸ்னு சொல்றாங்க. 10 டிபி ஹார்டு டிஸ்க் முழுக்க ஜீரோ எழுதணும்னா அரை நாளுக்கு மேல ஓடும், இது சில செகண்ட்ல முடிஞ்சிடும். எஸ்எஸ்டில இன்னொரு விஷயம், நாம மேல எழுதுறது டிரைவ் தனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கற ஸ்பேர் பிளாக்குக்கெல்லாம் போய்ச் சேராது, கீ போச்சுன்னா அங்க இருக்கறதும் சேர்ந்தே போயிடும்.

அர்ரேல, அதாவது பல டிரைவ ஒண்ணா சேர்த்து ஓட்டற ஸ்டோரேஜ்ல இருந்தா முதல்ல அந்த பூல்ல இருந்து முறைப்படி எடுங்க, கன்ட்ரோலர்லயே செக்யூர் எரேஸ் இருந்தா அங்கயே முடிச்சிடறது நல்லது. அப்படியே உருவிட்டு வந்து வேற சர்வர்ல செருகுனா டிரைவ் லாக் ஆகியே நிக்கும், பழைய கீயும் கையில இருக்காது.

அந்த மாதிரி மாட்டிக்கிட்டா பிஎஸ்ஐடி தான் வழி, பாஸ்வேர்ட் தெரியாமலே டிரைவ ரீசெட் பண்ண உதவுற கோட் இது. டிரைவ் லேபிள்ல 32 எழுத்துல அச்சடிச்சிருக்கும், சீரியல் நம்பர் வேற இது வேற, குழப்பிக்காதீங்க. டிரைவ சர்வருக்குள்ள மாட்டிட்டா லேபிள் கண்ணுக்கே தெரியாது, அதனால மாட்டறதுக்கு முன்னாடியே ஃபோட்டோ எடுத்து வச்சிருங்க ப்ளீஸ். லினக்ஸ்ல செட்யூட்டில்ங்கற (sedutil) டூல் வச்சு முதல்ல ஸ்கேன் பண்ணுங்க, ஓபல் அல்லது என்டர்பிரைஸ்னு (எஸ்இடிகளுக்கான ரெண்டு தரநிலை) காட்டுனா பிஎஸ்ஐடி ரிவர்ட் குடுங்க, கீ மாறி டிரைவ் ஃபேக்டரி நிலைக்குப் போயிடும். சாட்டா டிரைவ்னா கெர்னல்ல லிப்அட்டாவோட அலவ் டிபிஎம் செட்டிங்க (libata.allow_tpm) 1 ஆக்குனாத்தான் செட்யூட்டில் வேலை செய்யும். யுஎஸ்பி அடாப்டர், ரெய்டு மோடு இதுலெல்லாம் பெரும்பாலும் இந்த கமாண்ட் டிரைவ் வரைக்கும் போகவே போகாது, நேரா ஹெச்பிஏல, அதாவது நடுவுல ரெய்டு இல்லாம டிரைவ சர்வரோட இணைக்கற கார்டுல மாட்டுங்க.

லாக் ஆகாத என்விஎம்இ (NVMe) எஸ்எஸ்டின்னா, டிரைவ முழுசா அழிக்கற சானிடைஸ் கமாண்ட்ல ஆக்‌ஷன் 4 குடுங்க, இல்லைன்னா ஃபார்மேட்ல செக்யூர் எரேஸ் 2, ரெண்டுமே கிரிப்டோ எரேஸ் தான். எனக்குப் பிடிச்சது சானிடைஸ், நடுவுல கரண்ட் போனாலும் திரும்ப வந்ததும் விட்ட இடத்துல இருந்து முடிச்சிட்டுத்தான் விடும், சானிடைஸ் லாக்ல எவ்வளவு ஆச்சுன்னும் பாத்துக்கலாம்.

இதுக்கப்புறம் செக் பண்றத தயவு செஞ்சு விட்டுறாதீங்க. அழிக்கறதுக்கு முன்னாடி, டேட்டா இருக்கற செக்டர் சிலது ஆரம்பம், நடு, கடைசின்னு படிச்சு வச்சுக்கோங்க, அழிச்சதும் பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அதே இடத்தப் படிங்க. ஒண்ணாவது பழையபடியே வந்தா அந்த டிரைவ வெளிய விடாதீங்க. சும்மா சொல்லல, 2018-ல நெதர்லாந்து ராட்பவுட் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் பிரபலமான சில எஸ்எஸ்டிகள்ல என்கிரிப்ஷனே ஓட்டையா இருக்கறத கண்டுபிடிச்சாங்க, ஒண்ணு ரெண்டுல பாஸ்வேர்டுக்கும் கீக்கும் சம்பந்தமே இல்லாம இருந்துச்சு. ரொம்ப ரகசியமான டேட்டாவா இருந்தா கிரிப்டோ எரேஸுக்கு மேல மெமரி பிளாக்குகளையே நேரடியா அழிக்கற சானிடைஸ் பிளாக் எரேஸும் ஓட்டிடுங்க, ஹார்டு டிஸ்க்னா ஓவர்ரைட்.

கடைசியா, டிரைவ் கீயெல்லாம் சேர்த்து வைக்கற கீ மேனேஜர்ல அந்த டிரைவுக்குன்னு இருந்த கீயயும் டிலீட் பண்ணிட்டு, சீரியல் நம்பர், தேதி, எந்த முறைன்னு ரெஜிஸ்டர்ல எழுதி வச்சிருங்க. ஸ்டோரேஜ் அர்ரேல இருந்து வந்த சாஸ் (SAS, சர்வர்கள்ல வர்ற இணைப்பு வகை) டிரைவ்னா செக்டர் சைஸ் 520 பைட்டா இருக்கலாம், சாதாரண சர்வர்ல ஓட 512-க்கு மாத்தி ஃபார்மேட் பண்ணணும்.