குரோன் நோயோடு கர்ப்பம்: நார்மலா சிசேரியனா, எப்படி முடிவெடுப்பது?

எனக்குக் குரோன், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சியையும் புண்ணையும் உண்டாக்குகிற நோய். கர்ப்பத்தின் 10ஆவது வாரத்தில் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போய் உட்கார்ந்தேன். ஃபைலின் மேல் பக்கத்தைப் பார்த்ததுமே அந்த மகப்பேறு டாக்டர், "குரோன்ஸ் இருக்கா? அப்போ சிசேரியன்தாம்மா, இப்பவே மனசைத் தயார் பண்ணிக்கோ" என்றார். நோய் குடலில் எந்த இடத்தில் இருக்கிறது, இப்போது அடங்கியிருக்கிறதா, பௌத்திரம் (ஆசனவாய்க்குப் பக்கத்துத் தோலில் திறந்து சீழ் வடிகிற பாதை) ஏதாவது வந்ததுண்டா, ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினேன், 39ஆவது வாரத்தில் சுகப்பிரசவம் ஆனது. அதே வருடம், 8 வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, அழற்சியை அடக்குகிற இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு சிசேரியன் செய்தார்கள், அவளுக்கு அதுதான் சரி. ஒரே நோய், ஒரே மருந்து, பிரசவம் மட்டும் வேறு.

வித்தியாசம் ஆசனவாயில் இருக்கிறது. குரோன் வாயிலிருந்து ஆசனவாய் வரை செரிமானப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் வரும். எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும்தான் இருந்தது. அவளுக்கு ஆசனவாயை ஒட்டிப் பௌத்திரம், சீழ் உள்ளே தேங்காமல் வடிந்துகொண்டே இருக்க அதற்குள் ஒரு நூலைக் கோத்துக் கட்டிவிட்டிருந்தார்கள், எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள சதை கிழியலாம், அல்லது டாக்டரே வெட்டித் தையல் போடலாம். மற்ற பெண்களுக்கு அது சில வாரத்தில் ஆறிவிடும். ஏற்கெனவே சீழும் புண்ணுமாக இருக்கிற சதையில் அந்தக் காயம் ஆறாமல் போகலாம், புதிய பாதை திறந்துகொள்ளலாம். கிழிசல் ஆழமாகப் போய் மலத்தை அடக்குகிற சுருக்குத்தசையைத் தொட்டுவிட்டால், ஒரு நாளைக்கு ஆறேழு முறை வயிற்றோட்டம் போகிற நமக்கு அது வாழ்நாள் தொந்தரவு.

அதனால் முடிவு நோயின் பெயரை வைத்து எடுப்பதில்லை, பிரசவ நேரத்தில் ஆசனவாயும் மலக்குடலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வைத்து எடுப்பது. ஐரோப்பிய, அமெரிக்கக் குடல்நோய் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன. இப்போது வடிந்துகொண்டிருக்கும் பௌத்திரம், சீழ்க்கட்டி, மலக்குடலில் ஆறாத புண், மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை, இவற்றில் ஏதாவது இருந்தால் சிசேரியன். ஆசனவாய்ப் பக்கம் நோய் வந்ததே இல்லை என்றால், குரோன் இல்லாத பெண்ணுக்கு எப்படி முடிவெடுப்பார்களோ அப்படித்தான் உங்களுக்கும்: குழந்தை தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பிரஷர் எப்படி என்று பார்ப்பார்கள். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்கும் சுகப்பிரசவம் சாத்தியம்தான், பை இருப்பதே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலில் உள்பை செய்து ஆசனவாயோடு இணைத்தவர்கள் மட்டும் சுருக்குத்தசையைக் காப்பாற்ற வேண்டி சிசேரியன் பற்றி அறுவை மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்கு. மூன்று வருடம் முன்பு பௌத்திரம் வந்து ஆறிவிட்டது, இப்போது ஒன்றும் இல்லை என்பவர்கள். இவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடாது என்று பொதுவாக ஒரு விதி இல்லை, பழைய தழும்பு எவ்வளவு, தசை எவ்வளவு பாதிக்கப்பட்டது, உள்ளே உண்மையிலேயே ஆறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்கச் சொல்லுங்கள். குடல் அறுவை மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொல்லலாம், சந்தேகம் இருந்தால் இடுப்பு எம்ஆர்ஐ எடுக்கலாம், கர்ப்பத்தில் எம்ஆர்ஐ எடுப்பதில் தவறில்லை, காடோலினியம் என்ற ஊசி மருந்து மட்டும் போடக்கூடாது. மலக்குடலை மட்டும் பார்க்கிற சின்ன எண்டோஸ்கோபியும் தேவைப்பட்டால் செய்யலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கூச்சம். செக்கப்புக்கு அம்மாவோ மாமியாரோ கூட வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் "கீழே சீழ் வடியுது டாக்டர்" என்று எப்படிச் சொல்வது என்று எத்தனையோ பெண்கள் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். சொன்னாலும் "கர்ப்பத்துல பைல்ஸ் வரத்தானே செய்யும்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. மூலத்தில் ரத்தம் வரும், வலிக்கும், ஆனால் உள்ளாடையில் சீழ் கறை படிவது, ஆசனவாய் ஓரத்தில் சூடாகக் கட்டி வீங்குவது, பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வருவது எல்லாம் மூலம் கிடையாது. "டாக்டர், தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று கேளுங்கள். உங்கள் பிரசவமே அந்த இரண்டு நிமிடத்தில்தான் தீர்மானமாகும்.

சரி, ஒன்றும் இல்லையென்றாலும் எதற்கு வம்பு, சிசேரியனே செய்துகொள்ளலாமே என்று வீட்டில் சொல்வார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாடு முழுவதும் 100 பிரசவத்தில் சுமார் 21 சிசேரியன், தமிழ்நாட்டில் சுமார் 45, தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 60-ஐயும் தாண்டும். அதனால் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. நமக்கு அது பெரிய விஷயம்தான். குரோன் உள்ளவர்களில் பலருக்கு வாழ்க்கையில் எப்போதாவது குடல் ஆபரேஷன் வேண்டியிருக்கும். வயிற்றை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே குடலும் கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது, அடுத்து வயிற்றைத் திறப்பவருக்கு வேலை கடினம். ரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து கர்ப்பத்தில் எல்லோருக்கும் கூடும், குடல் அழற்சி உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம், சிசேரியன் அதற்கு மேலும் கொஞ்சம் சேர்க்கும். தேவை இருந்தால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், தேவையே இல்லாமல் எதற்கு?

அதே நேரம், சிசேரியன் வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் தயவுசெய்து அடம் பிடிக்காதீர்கள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அவள் சொந்தக்காரர்கள் "இடுப்பு வலி எடுத்துப் பெத்தாத்தான் பிரசவம்" என்று பேசிப்பேசியே அழவைத்தார்கள். அவளுடைய அறுவை மருத்துவர் ஒரு தாளில் ஆசனவாயை வரைந்து, நூல் எங்கே போகிறது, வெட்டு எங்கே விழும் என்று கோடு போட்டுக் காட்டினார். அந்தத் தாளை வீட்டில் காட்டிய பிறகுதான் பேச்சு நின்றது. நீங்களும் படம் போட்டு விளக்கச் சொல்லிக் கேளுங்கள், டாக்டர்கள் சொல்வதைவிட அந்தப் படம் வீட்டில் நன்றாகப் பேசும்.

எப்போது முடிவெடுப்பது? 30 வாரத்துக்கு மேல், 34-க்குள் பேசி எழுதி வைத்துவிடுங்கள், 36 வாக்கில் கீழே இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கடைசி வாரங்களில் நோய் கிளம்பினால் முடிவு மாறும். நம் ஊரில் இன்னொரு பிரச்சினை: வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். அஞ்சாறு வருடமாகப் பார்த்த கேஸ்ட்ரோ (குடல்நோய்) டாக்டர் சென்னையில், பிரசவம் 300 கிலோமீட்டர் தள்ளி நம்மை முதல்முறையாகப் பார்க்கிற ஒருவரிடம். அம்மா வீட்டுக்குப் போங்கள், ஆனால் அதற்கு முன்பே அந்த ஊர் மகப்பேறு டாக்டரை ஒருமுறை பார்த்து, உங்கள் கேஸ்ட்ரோ டாக்டரிடம் ஒரு பக்கத்துக்குக் கடிதம் வாங்கி, இரண்டு பேரையும் போனில் பேசவைத்துவிட்டுப் போங்கள்.

அந்தக் கடிதத்தில் நோய் எங்கே இருக்கிறது, ஆசனவாயின் நிலை, இதுவரை நடந்த ஆபரேஷன்கள், கடைசி ஊசி போட்ட தேதி, எந்த வகைப் பிரசவம் என்பதெல்லாம் இருக்கட்டும். அதோடு வழக்கமாகச் செய்கிற சில விஷயங்களைச் செய்ய வேண்டாம் என்றும் எழுதி வாங்குங்கள். வலி எடுத்து அட்மிட் ஆன இரவு 2 மணிக்கு நர்ஸ், ஆசனவாய் வழியாகத் திரவம் ஏற்றி மலத்தை வெளியேற்றுகிற இனிமா டப்பாவோடு வந்து நின்றார். எல்லோருக்கும் கொடுப்பதுதான் என்றார். வலிக்கு நடுவில் எனக்குப் பேச வரவில்லை, அம்மாதான் பையைத் துழாவிக் கடிதத்தை எடுத்து நீட்டினார், நர்ஸ் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். பிரசவத்துக்குப் பிறகு வலிக்கு ஆசனவாய் வழியாக வைக்கிற டைக்ளோஃபினாக் மருந்தும் அப்படித்தான், கேட்காமலே வைப்பார்கள். அந்த வகை வலி மருந்துகள் சிலருக்குக் குரோனைக் கிளப்பிவிடும், அதற்குப் பதிலாகப் பாராசிட்டமால் போதுமா, வேறு என்ன கொடுக்கலாம் என்று முன்பே பேசி வையுங்கள். சுகப்பிரசவத்தில் வெட்டுப் போடுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், போட்டே ஆக வேண்டும் என்றால் ஆசனவாயை நோக்கி நேராக வெட்டாமல் சாய்வாக வெட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பிரசவ நேரத்தில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவைப்படலாம், மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுகிறார்களா, எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள், முதுகில் மரத்துப்போக ஊசி போடும் நேரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுகப்பிரசவம் நடக்க வேண்டுமென்றால் நோய் அடங்கியிருக்க வேண்டும், அடங்கியிருக்க மருந்து வேண்டும். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து தானாக நிறுத்துபவர்கள்தான் பெரும்பாலும் கடைசி மாதத்தில் சீழ்க்கட்டியோடு வந்து நிற்கிறார்கள். மெசலமைன், அசாதயோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் எல்லாம் பொதுவாகக் கர்ப்பத்தில் தொடர்கிற மருந்துகள். மெத்தோட்ரெக்ஸேட் கூடவே கூடாது, கருத்தரிக்கும் முன்பே மாதக்கணக்கில் நிறுத்தியிருக்க வேண்டும், அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் குழந்தைக்குப் போடுகிற காசநோய்த் தடுப்பூசி, பிசிஜி. எந்த வகைப் பிரசவம் என்றாலும் இதை மறக்காதீர்கள், கடிதத்தின் மேலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் மாதக்கணக்கில் அதன் ரத்தத்தில் தங்கும். நம் நாட்டில் பிறந்தவுடனே போடுகிற பிசிஜி உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த தாயின் குழந்தை பிசிஜி போட்ட பிறகு அந்தக் கிருமி உடம்பெல்லாம் பரவி இறந்ததாக 2010-இல் மருத்துவ இதழில் பதிவானது. குறைந்தது 6 மாதம் தள்ளிப்போட வேண்டும், இன்ஃப்ளிக்ஸிமாப் என்றால் 12 மாதம் வரைகூடத் தள்ளச் சொல்வார்கள். வாய் வழிச் சொட்டு மருந்துகளான போலியோ, ரோட்டாவைரஸ் இரண்டும் உயிருள்ளவைதான், அவற்றையும் குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியைப் பிறந்த அன்றே போடலாம். குழந்தையைத் தடுப்பூசி அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் பாட்டியாகவோ அத்தையாகவோ இருப்பார், அவர் கையிலும் அந்தக் கடிதத்தின் ஒரு நகலைக் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே அடுத்த மருந்து தேதியையும் வாங்கிவிடுங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லையென்றால் சுகப்பிரசவமாகி 24 மணி நேரத்திலும் சிசேரியனாகி 48 மணி நேரத்திலும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகளை மறுபடி தொடங்கலாம், தாய்ப்பால் கொடுக்க அது தடையில்லை. பிள்ளை பெற்ற உடம்பு என்று மூன்று மாதம் தள்ளிப்போட வீட்டில் சொல்வார்கள், நான் 12ஆம் நாள் கைக்குழந்தையோடு போய் அதே அறையில், அதே கட்டிலில் படுத்து ஏற்றிக்கொண்டேன். ஊசி இறங்குகிற இரண்டு மணி நேரமும் அம்மா மடியில் குழந்தை தூங்கியது.