சர்வர் நெரிசலா, டவர் நெரிசலா? மலையக கேமர்களுக்கு ஒரு செய்முறை

இரவு எட்டரைக்கு கேமைத் திறந்தால் வரிசையில் காத்திருக்கச் சொல்கிறது. உள்ளே போனாலும் ஓடிய ஆள் பின்னுக்கு இழுபடுகிறார். எல்லோரும் சர்வரைத்தான் திட்டுவோம். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் அந்த இழுபறியை 4ஜி டவரும் தரும். எதுவென்று தெரியாமல் புது ரவுட்டர் வாங்குவது வீண் செலவு.

படி 1: ரவுட்டர் வரை

பிங் என்பது தகவல் ஓர் இடத்துக்குப் போய்த் திரும்பும் நேரம். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டர் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1; ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும். 1 முதல் 5 மில்லிசெக்கன் வந்தால் நல்லது. 100க்கு மேல் துள்ளினால் கோளாறு வைஃபையில். லேன் கேபிள் போட்டுவிடுங்கள்.

படி 2: டவரைத் தாண்டி

இப்போது அதே கட்டளையில் ரவுட்டர் முகவரிக்குப் பதில் இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி: 8.8.8.8. சும்மா அடித்தால் நான்கு முறைதான் சோதிக்கும், அது போதாது. முகவரிக்குப் பின் இடைவெளி, கழித்தல் குறி, சின்ன டி எழுத்து சேர்த்தால் தொடர்ந்து ஓடும். இரண்டு நிமிடம் விட்டு கன்ட்ரோலும் சியும் அழுத்தி நிறுத்துங்கள். முற்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள். பகலில் 50 மில்லிசெக்கன், இரவில் 300, இடையிடையே பதிலே இல்லை என்றால் பெரும்பாலும் டவரில்தான் நெரிசல். பல தோட்டங்கள் ஒரே டவரை நம்பியிருக்கும் இடங்களில் இது வழமை. சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தாலும் ஏமாறாதீர்கள்: அவை வலிமையைக் காட்டும், கூட்டத்தைக் காட்டாது. பனிமூட்டத்தையும் குறை சொல்ல வேண்டாம், 4ஜி அலைவரிசைகளை அது அநேகமாகப் பாதிப்பதில்லை. ரவுட்டரை எதிர்மலை தெரியும் ஜன்னலுக்கு மாற்றுங்கள். வேறொரு டவர் கிடைத்தால் இரவு நிலைமையே மாறிவிடும்.

படி 3: மிச்சமிருப்பது சர்வர்

இரண்டு சோதனையும் சுத்தமாக இருந்தும் கேம் திணறினால் குற்றம் பெரும்பாலும் சர்வரில்தான். மைன்கிராஃப்டில் இது தெளிவாகத் தெரியும். அதன் சர்வர் செக்கனுக்கு 20 டிக் ஓட வேண்டும் (டிக் என்பது கேம் உலகத்தை ஒருமுறை புதுப்பிக்கும் சுற்று), ஒரு டிக்குக்கு 50 மில்லிசெக்கன். ஆட்கள் கூடி ஒரு டிக்குக்கு 100 ஆனால் வேகம் பாதியாகிறது. உடைத்த கல் திரும்ப முளைக்கும், ஆனால் பிங் ஒழுங்காகவே இருக்கும். நண்பர்களுக்காக நீங்களே சர்வர் நடத்தினால் சர்வர் அமைப்பில் பார்வைத் தூரத்தை (view-distance, ஆளைச் சுற்றி எவ்வளவு தூரம் உலகம் அனுப்பப்படும் என்பது) 10இலிருந்து 6ஆகக் குறையுங்கள். சுமை கணிசமாக இறங்கும்.

படி 4: நேரத்தைப் பார்த்து சர்வர்

சர்வர் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்க விடும் கேம்களில் இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மும்பைக்கும் நமக்கும் ஒரே நேரம், எனவே நமக்கு நெரிசல் என்றால் அங்கும் நெரிசல். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே: நமக்கு இரவு 9.30 ஆகும்போது அங்கே நள்ளிரவு, கூட்டம் கலையும். தூரம் கூடுவதால் பிங் கொஞ்சம் ஏறலாம். திணறும் மும்பை சர்வரைவிட அது எவ்வளவோ மேல். புது கேம் என்றால், கேரக்டர் உருவாக்கும் முன்பே நண்பர்களோடு பேசி ஆள் குறைந்த சர்வரை எடுங்கள். பிறகு மாற்றப் பல கேம்களில் காசு கேட்பார்கள்.

படி 5: வரிசையில் நிற்கும்போது

2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேமில் நெரிசல் முற்றி, விற்பனையையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய வரிசையில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் வெளியே தள்ளிவிடும். பல கேம்கள் உங்கள் இடத்தைச் சில நிமிடம் பிடித்து வைக்கும், உடனே திரும்ப நுழையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் பெரிய டவுன்லோடு போட வேண்டாம். கேம் அப்டேட்டை நள்ளிரவுக்குப் பிந்திய இரவு டேட்டாவுக்குத் தள்ளிவையுங்கள்.