அம்மா ஒரு மாநிலம், அப்பா ஒரு மாநிலம்: குழந்தைக் காவல் மனு போடுவது எப்படி?

பிரிந்த பிறகு நானும் மகளும் ஒரு மாநிலத்தில், அவள் அப்பா வேறொரு மாநிலத்தில். காவல் மனு போட்டு ஆணை வாங்கிய வழியை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வக்காலத்து, கோர்ட் கட்டணம் எல்லாம் வக்கீலே சொல்லிவிடுவார். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

1. எந்த ஊர் கோர்ட்?

பலரும் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வது இங்கேதான். கல்யாணம் நடந்த ஊர், கணவர் இருக்கும் ஊர் என்பதெல்லாம் விவாகரத்து வழக்குக்குத்தான். காவல் மனுவுக்கான சட்டம் 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் (காப்பாளர்கள், சிறார்) சட்டம். அதன் 9-வது பிரிவு கேட்பது ஒன்றே: குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறது? அந்த ஊர் குடும்ப நல நீதிமன்றத்தில்தான் மனு. எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவதும் இதே கேள்விதான். வழக்கமான வசிப்பிடம் எது என்பதை உண்மைகளையும் நோக்கத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2011-இல் ருச்சி மஜூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போன வாரம் அவசரமாகக் கூட்டி வந்துவிட்டு "இதுதான் குழந்தையின் ஊர்" என்றால் எடுபடுவது கடினம்.

அதனால் காகிதங்களை முதலில் சேருங்கள். என் அனுபவத்தில் ஆதாரைவிட வலுவானவை பள்ளியின் போனஃபைட் சான்றிதழும் (குழந்தை இங்கே படிக்கிறது என்று பள்ளி தருவது) தடுப்பூசி அட்டையும். அட்டையில் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, ஆஸ்பத்திரி முத்திரை இருக்கும். குழந்தை எங்கே வளர்ந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

2. இடைக்கால மனு

முக்கிய மனுவோடு சேர்த்தே போடுங்கள் (அதே 1890 சட்டத்தின் 12-வது பிரிவு). தீர்ப்பு வரும்வரை குழந்தை யாரிடம் என்பது இதில்தான் முடிவாகும். இந்துக் குடும்பங்களில் ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாகத் தாயிடம் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஆனாலும் கடைசியில் எடை போடப்படுவது குழந்தையின் நலன்தான்.

3. சந்திப்பும் வீடியோ காலும்

ஊர் தூரம் என்றால் வாராவாரம் சந்திப்பு என்பது நடக்காது. நீண்ட விடுமுறைகளில் சேர்த்துக் கேளுங்கள். தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை, காவல் கிடைக்காத பெற்றோருக்கு இருக்க வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை மனுவில் வையுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும். குழந்தைக்கு இரண்டு பேரும் வேண்டும். "வசதியான நேரத்தில்" என்று எழுத விடாதீர்கள், "இரவு 7.30, இந்த எண்ணில்" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் சண்டை நின்றது அந்த ஒரு வரியால்தான்.

வாய்தா தேதிக்கு இ-கோர்ட்ஸ் செயலி போதும். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் வரும்.

பின்சேர்க்கை: அவர் முந்திக்கொண்டு தன் மாநிலத்தில் வழக்குப் போட்டுவிட்டால்? பலர் இதைக் கேட்டிருந்தீர்கள். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். ஆஜராகி, அந்த கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று முதல் பதிலிலேயே எழுதுங்கள். அங்கே போய்வர முடியாது என்றால், வழக்கை உங்கள் ஊர் கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு, சிவில் நடைமுறைச் சட்டம் 25-வது பிரிவில் மாற்றல் மனு போடலாம். மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற உச்ச நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். மாற்றல் மனு போட்டதாலேயே அங்குள்ள வழக்கு நின்றுவிடாது. தடை கேட்டு வாங்கும்வரை வாய்தாக்களைத் தவற விடாதீர்கள்.