மீன் முள் குத்திய கையிலிருந்து நுண்ணுயிரியல் படிக்கும் முறை

மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியலைத் தொடங்கும் மாணவர்கள் பலர், பாடநூலின் வரிசைப்படியே ஒவ்வொரு கிருமியின் வடிவம், அதை வளர்க்கும் ஊடகம், நச்சு, நோய், மருந்து என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். பத்தாவது கிருமிக்கு வரும்போது முதல் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நோயாளி கிருமியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், அவர் சொல்லும் தொந்தரவிலிருந்து படிப்பைத் தொடங்குவதே மேல். இராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. பாம்பனிலோ மண்டபத்திலோ வலையிலிருந்து மீனை எடுக்கும்போது கெளுத்தி முள் குத்திய கையோடு வரும் ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம்.

முதல் படியாக, அந்தக் காயத்துக்குக் காரணமாகக்கூடிய கிருமிகளை மட்டும் ஒரு வெற்றுத்தாளில் எழுதுங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ், விப்ரியோ வல்னிஃபிகஸ், எரிசிபெலோத்ரிக்ஸ் ருசியோபதியே, மைக்கோபாக்டீரியம் மரினம் ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டாம் படி, அவற்றைக் காலத்தின்படி அடுக்குவது. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. முள் குத்திய சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள்களுக்குள் கை வீங்கி, இரத்தம் கலந்த கொப்புளங்கள் தோன்றி, இரத்த அழுத்தமும் இறங்கினால், அதிலும் அவருக்குக் கல்லீரல் நோய் இருந்தால், விப்ரியோ வல்னிஃபிகஸை முதலில் ஐயுற வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இதே வேகத்தில் திசுக்களை அழிக்கக்கூடும் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள்கள் கழித்து, விரலில் ஊதா கலந்த சிவப்பு, சீழ் இல்லாமல் கடும் வலியோடு மெல்லப் பரவினால் எரிசிபெலோத்ரிக்ஸையும், சீழ் கட்டினால் ஸ்டாஃபைலோகாக்கஸையும் நினையுங்கள். வாரக்கணக்கில் ஆறாத கட்டியாக நின்று, நிணநாளங்களின் வழியே முன்கையில் புதிய கட்டிகள் எழுந்தால் அது மைக்கோபாக்டீரியம் மரினமாக இருக்கலாம்.

மூன்றாம் படி ஆய்வகம். ஒரு கிருமிக்குப் பத்துச் சோதனைகளை எழுதாமல், பட்டியலில் உள்ள மற்றவற்றிலிருந்து அதைப் பிரிக்கும் ஒன்றிரண்டை மட்டும் எழுதுங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸையும், ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழி எழுகிறதா என்று பார்க்கும் கேட்டலேஸ் சோதனை பிரித்துவிடும். விப்ரியோ வல்னிஃபிகஸுக்கு ஊடகத்தில் உப்பு வேண்டும். அதே விப்ரியோ இனத்தைச் சேர்ந்த காலராக் கிருமி உப்பில்லாமலும் வளரும். மைக்கோபாக்டீரியம் மரினம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் நன்கு வளர்வது. 37 டிகிரியில் மட்டும் வைத்தால் தவறிப்போகலாம். ஆகவே காயம் கடலில் ஏற்பட்டது என்பதை ஆய்வகப் படிவத்தில் எழுதுவது மருத்துவரின் கடமை. தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டோ இல்லையோ, வார்டில் இது இல்லாமல் நடக்காது. கிருமிகளை ஊதா நிறம் காட்டும் பாசிட்டிவ், இளஞ்சிவப்பு காட்டும் நெகட்டிவ் என்று பிரிக்கும் கிராம் சாயமிடலை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். எரிசிபெலோத்ரிக்ஸ் கிராம் பாசிட்டிவ் கோல்வடிவக் கிருமிதான் என்றாலும் எளிதில் நிறம் இழப்பதால், நெகட்டிவ் போலத் தோன்றி ஏமாற்றிவிடும்.

நான்காம் படியில் மருந்தைச் சேருங்கள். கிராம் பாசிட்டிவ் என்றதும் பலரும் வான்கோமைசினை எழுதிவிடுவார்கள். எரிசிபெலோத்ரிக்ஸ் அதற்கு இயல்பிலேயே கட்டுப்படாது, பென்சிலினுக்குக் கட்டுப்படும். விப்ரியோ வல்னிஃபிகஸுக்கு டாக்சிசைக்ளினோடு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஒன்றைச் சேர்த்துத் தருவார்கள்.

மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதே தாளைப் பார்க்காமல் புதிதாக எழுதி, விடுபட்டதை மட்டும் திரும்பப் படியுங்கள். வண்ணப் பேனாவால் கோடிட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பது, தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தரும். தேர்வு மேசையில் கைகொடுக்காது.

பின்னர் நோயாளியை மாற்றுங்கள். சரியாக வேகாத இறாலைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கோடு வருபவரிடமிருந்து தொடங்கினால், விப்ரியோக்களை வளர்க்கும் டி.சி.பி.எஸ். அகார் என்ற ஊடகத்தில் பச்சைக் காலனி (கிருமித்திரள்) தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸும் மஞ்சள் காலனி தரும் காலராக் கிருமியும் ஒரே தாளில் வந்துவிடும். குடிநீரைத் தொட்டியிலும் குடங்களிலும் சேர்த்துவைக்கும் வீட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவர், டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்குமான அடுத்த தாளுக்குரியவர்.