காய்கறி ஜூஸ் குடித்தும் எடை குறையவில்லையா? தவறு நடக்கும் இடங்கள்

காய்கறி ஜூஸுக்கு எடையைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. வெள்ளரியோ சுரைக்காயோ உடம்புக்குள் போய்க் கொழுப்பைத் தேடிப் பிடித்து எரிப்பதில்லை. 250 மி.லி. கேரட் ஜூஸில் சுமார் 100 கலோரி இருக்கிறது. வெள்ளரிச் சாறு என்றால் 40க்குள் முடிந்துவிடும். அந்த டம்ளர் ஒரு குளிர்பானத்துக்கோ மாலைநேர பிஸ்கட்டுக்கோ பதிலாக வந்தால் எடை இறங்கும். வழக்கமாகச் சாப்பிடுகிற எல்லாவற்றுக்கும் மேல் கூடுதலாக வந்தால், அதன் கலோரியும் சேர்ந்து ஏறும். பலர் செய்யும் தவறுகளில் பாதி, இந்தக் கணக்கைப் பார்க்காததால் வருபவை. மீதிப் பாதி, "காய்தானே, எவ்வளவு குடித்தால் என்ன" என்ற நினைப்பில் வருபவை. ஆபத்து இந்த இரண்டாவது வகையில்தான்.

ருசிக்காகச் சேர்ப்பவை

வெறும் காய்ச்சாறு பலருக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் ஒரு ஆப்பிள், ஒரு மேசைக்கரண்டி தேன் என்று சேரும். கேரட் ஜூஸ் 100 கலோரி, நடுத்தர ஆப்பிள் 95, தேன் 64. மொத்தம் ஏறக்குறைய 260. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகும் அளவு அது. ஆப்பிளும் தேனும் மட்டுமே 36 கிராம் சர்க்கரையைக் கொண்டுவருகின்றன. தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது அதன் 2015 வழிகாட்டுதல். தேன் இயற்கையானது என்பதால் இந்தக் கணக்கிலிருந்து அதற்கு விலக்கு இல்லை.

எலுமிச்சை, இஞ்சி, புதினா, மிளகு போதும். காய்களிலும் கேரட், பீட்ரூட் இரண்டும் இனிப்பு கூடியவை. மொத்தக் காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவை வேண்டாம். உப்பை மறந்துவிடக் கூடாது. கடையில் அடைத்து விற்கும் காய்கறி ஜூஸ் சிலவற்றில் ஒரு டம்ளரிலேயே 600 மி.கி. சோடியம் இருக்கும், அதாவது ஒன்றரை கிராம் உப்பு. லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

சக்கையை வடிகட்டி எறிவது

எடை குறைக்க நினைப்பவருக்குக் காயில் மிகவும் பயன்படுவது நார்ச்சத்து. அது போவது வடிகட்டியில். 100 கிராம் கேரட்டில் 2.8 கிராம் நார்ச்சத்து உண்டு. அதே அளவு வடிகட்டிய சாற்றில் 1 கிராம்கூடத் தேறாது. ஜூஸருக்குப் பதிலாக மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டாமல் குடித்தால் இந்த இழப்பு இல்லை. விலை கூடிய 'கோல்ட் பிரஸ்' கருவியும் சக்கையைப் பிரித்துத்தான் தள்ளுகிறது. எடை குறைப்புக்காக அதை வாங்குவது வீண் செலவு. ஏற்கெனவே ஜூஸர் வைத்திருப்பவர்கள் சக்கையை சூப்பிலோ பிசையும் மாவிலோ சேர்த்துவிடலாம்.

ஆனால் அரைத்துக் குடிப்பதும் மென்று தின்பதும் ஒன்றாகிவிடாது. 2009ல் வெளியான ஓர் ஆய்வில், மதிய உணவுக்கு முன் ஆப்பிளை முழுதாகத் தின்றவர்கள், எதுவும் தின்னாத நாளைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவான கலோரியோடு எழுந்துவிட்டார்கள். ஜூஸில் அந்தப் பலன் இல்லை. நார்ச்சத்தைத் திரும்பக் கலந்து கொடுத்தும் வரவில்லை. மெல்லும்போது நேரம் ஆகிறது, வயிறு நிறைந்த உணர்வு வருவதற்கு இடம் கிடைக்கிறது. ஆகவே ஒரு நாளின் காய்கறி முழுவதையும் டம்ளரில் அடக்கப் பார்க்க வேண்டாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பழச்சாறு, காய்ச்சாறு, ஸ்மூத்தி எல்லாம் சேர்த்து நாளைக்கு 150 மி.லி. என்று வரம்பு வைத்திருக்கிறது. எத்தனை டம்ளர் குடித்தாலும் அதை ஒரே ஒரு பங்கு காய்கறியாகத்தான் எண்ணுகிறது. கடுமையான வரம்புதான். வெள்ளரி, தக்காளி போன்ற சர்க்கரை குறைந்த காய்களை வடிகட்டாமல் குடிப்பவர் அதைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் குற்றமில்லை.

ஜூஸ் மட்டுமே குடிக்கும் நாட்கள்

மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்தால் எடைக் கருவியில் இரண்டு கிலோ குறைந்து காட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறும். மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் திரும்பி வரும். காய்ச்சாற்றில் புரதம் இல்லாத குறைதான், அதனால் நாட்கள் நீண்டால் தசையும் கரையும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வேகமாக இறக்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. "நச்சு நீக்கம்" என்ற பேச்சைப் பொறுத்தவரை, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டிருக்கின்றன; ஜூஸுக்காக அவை காத்திருப்பதில்லை.

ஜூஸ் என்பது ஒரு நாளில் ஒரு வேளை உணவுக்குத் துணை மட்டுமே. அதோடு முட்டை, தயிர், பருப்பு என்று ஏதாவது புரதம் இருக்க வேண்டும். ஒரு டம்ளருக்கான அளவு: வெள்ளரி 150 கிராம், தக்காளி 100 கிராம், கேரட் 50 கிராம், விரல்நுனி அளவு இஞ்சி, 100 மி.லி. தண்ணீர். அரைத்தபின் அரை எலுமிச்சை. சுமார் 70 கலோரி வரும். கூடவே 10 கிராம் வேர்க்கடலை மென்றால் 5 கிராம் கொழுப்பு கிடைக்கும். கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் கொழுப்பில் கரைபவை என்பதால், கொழுப்பே இல்லாமல் வெறும் வயிற்றில் குடித்தால் அவை சரியாக உறிஞ்சப்படாது. இந்த இரண்டும் வேகவைத்த காயிலிருந்து இன்னும் எளிதாகக் கிடைக்கும். பச்சையாக இருந்தால்தான் சத்து என்பது வைட்டமின் சி விஷயத்தில் சரி, எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

ஒரே காயை மாதக்கணக்கில் குடிப்பது

பசலைக்கீரைதான் இதில் முதல் குற்றவாளி. பசலை, தண்டுக்கீரை, பீட்ரூட் போன்றவற்றில் ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். ஒரு கட்டுக் கீரையைச் சமைத்தால் அதில் ஒரு பகுதி வேகவைத்த தண்ணீரோடு போய்விடும்; நாமும் கொஞ்சம்தான் தின்போம். பச்சையாக அரைத்தால் மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. அது சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகப் படியலாம். நாள்தோறும் பச்சைச் சாறு குடித்துச் சிறுநீரகமே பழுதான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஏற்கெனவே கல் வந்தவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் பச்சைக் கீரைச் சாற்றை விட்டுவிடுவதே நல்லது. மற்றவர்கள் வாரம் ஓரிரு முறைக்கு மேல் போக வேண்டாம். தயிர் சேர்த்து அரைத்தால் அதன் கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். லெட்டூஸ், முட்டைக்கோஸ், வெள்ளரி ஆகியவற்றில் ஆக்ஸலேட் குறைவு.

கேரட் ஜூஸ் தினமும் நிறையக் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும். பயப்பட வேண்டாம், கண்ணின் வெள்ளை மட்டும் மஞ்சளாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் மஞ்சளானால் அது மஞ்சள்காமாலையாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். பீட்ரூட் குடித்த சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகும், அதுவும் கெடுதல் இல்லை. பீட்ரூட்டை ரத்த அழுத்தத்துக்காகக் குடிப்பவர்கள் கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளிப்பதைக் குறைக்க வேண்டும். பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட்டை உடம்புக்கு வேண்டிய நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கில் வாழும் பாக்டீரியா. மவுத்வாஷ் அவற்றைக் கொன்றுவிடுகிறது.

கசந்த சுரைக்காய்

இது மட்டும் மறக்கவே கூடாதது. சுரைக்காய், வெள்ளரி, சுக்கினி இவை சில சமயம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும். அதன் அடையாளம் கடுமையான கசப்பு. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்களுக்குச் சிறிது நேரத்திலேயே வயிற்று வலி, வாந்தி, பேதி தொடங்கும். ரத்த வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், முறிமருந்து கிடையாது. வேகவைத்தாலும் இந்த நச்சு அழியாது.

அரைப்பதற்கு முன் ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். பாகற்காயைச் சுரைக்காயோடு சேர்த்து அரைக்கவே வேண்டாம்: பாகற்காயின் கசப்பு இயல்பானது, அது மற்றதன் ஆபத்தான கசப்பை மறைத்துவிடும். கசப்பாக இருந்தால் மருந்து போல நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவர்கள்தான் மருத்துவமனையில் போய் நிற்கிறார்கள். குடித்துவிட்டு வாந்தி வந்தால் மருத்துவமனைக்கு மீதிச் சாற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; எத்தனை மி.லி. குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கழுவுவதும் சேமிப்பதும்

அடுப்பேறாத உணவு என்பதால் மண்ணிலிருந்து வரும் கிருமி அப்படியே டம்ளருக்கு வரும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கிழங்குகளுக்கு பிரஷ் வேண்டும், கீரையை இலை இலையாகப் பிரித்து அலச வேண்டும். அரைத்ததும் குடிப்பது உத்தமம். வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடிய பாட்டிலில், 4 டிகிரிக்குக் கீழே, அதிகபட்சம் 24 மணி நேரம். கேரட் சாற்றில் புளிப்பு மிகக் குறைவு, ஆகவே அது கெட்டுப்போவதும் வேறு மாதிரி: 2006ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டில் கேரட் ஜூஸால் பொட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நச்சு நோய் சிலரைத் தாக்கியது. குளிரில் வைக்க வேண்டிய ஜூஸ் வெளியே கிடந்தால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள் பச்சை முளைப்பயறைச் சாற்றில் சேர்க்கக் கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பீட்ரூட், கேரட், கீரைச் சாறு ஒரு சொட்டும் வேண்டாம். நைட்ரேட்டால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள்

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் தக்காளி, கீரை, பீட்ரூட் சாறுகள் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அவர்கள் கீரையை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, திடீரென்று கூட்டவோ குறைக்கவோதான் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் ஒரு வேளை உணவுக்குப் பதிலாக வெள்ளரிச் சாற்றை மட்டும் குடித்தால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம்; மருந்தின் அளவை மருத்துவரோடு பேசிவிட்டுத்தான் உணவை மாற்ற வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, ஜூஸை அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.